கேட்காமல் எழுதிய சொல்

பேராசிரியை திலோத்தமைக்குக் கோபம் வந்தால் தீக்காய வார்டு நர்ஸ்கள் வேறு வார்டில் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவார்கள். அன்று அந்தக் கோபத்தில் மாட்டியவன் அவரிடம் பயிலும் டாக்டர் இளம்பரிதி. மாட்டட்டும், நன்றாக வேண்டும்.

பாதி உடம்புக்கு மேல் வெந்து கிடந்தாள் ரேணுகா. அவளிடம் மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வந்துகொண்டிருந்தார். அதற்கு முன் அவள் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சான்று எழுத வேண்டும். இந்த மகராசன் அவள் கட்டில் பக்கமே போகவில்லை. மேஜையில் உட்கார்ந்தபடியே ‘லூசிட்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

“அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?” என்றார் திலோத்தமை.

“தெளிவுன்னு அர்த்தம் மேடம். நல்லாப் புரியுற மாதிரி எழுதின புத்தகத்தைக்கூட லூசிட்னு சொல்லலாம்.”

“புத்தகம் சாயங்காலம் செத்துப்போகாதுய்யா!”

தாளை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். அவனைக் கட்டிலருகே கூட்டிப்போனார்.

“ரேணுகா, இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே?”

“இல்லம்மா... செவ்வாய். பாப்பாவுக்குப் பரீட்சை.”

“இது உன் வீடா?”

“ஆஸ்பத்திரி. வெளியில என் வீட்டுக்காரர் நிக்கிறார். அவரை உள்ள விடாதீங்கம்மா.”

கேள்வியையும் பதிலையும் ஒரு சொல் விடாமல் எழுத வைத்தார். கடைசியில் இளம்பரிதி மறுபடியும் ‘லூசிட்’ என்று எழுதினான். வராந்தாவுக்கு வந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“முதல்லயும் இதே வார்த்தையைத்தானே மேடம் எழுதினேன்? தப்பா ஒண்ணும் எழுதலையே. இதுக்கா இவ்வளவு கோபம்?”

திலோத்தமை அவனை முறைத்தார்.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நானும் இப்படிக் கேக்காமத்தான் எழுதினேன். அந்தப் பொண்ணும் தெளிவாத்தான் இருந்தா. தன்னைக் கொளுத்தினது யாருன்னு பேரைச் சொல்லிட்டுத்தான் செத்தா. கோர்ட்ல வக்கீல் என்னைக் கேட்டார், ‘தெளிவா இருந்தான்னு எழுதியிருக்கீங்களே, அவகிட்ட என்ன கேட்டுப் பார்த்தீங்க டாக்டர்?’ன்னு. ‘ஒண்ணும் கேக்கலை’ன்னேன். வாக்குமூலம் செல்லாதுன்னு தள்ளிட்டாங்க. அவ புருஷன் விடுதலையாகி வெளிய வந்தான். நேரா எங்கிட்ட வந்து கும்பிட்டு, ‘ரொம்ப நன்றி டாக்டரம்மா’ன்னான்.”