சனி பார்வை படாத இடம்

நெட்டைக்குப்பத்தில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாராவது எடுத்துச் செலவு பண்ணினால்தானே குறையும்! அந்த ஊர் விருத்தகிரிக்கு ஏழரைச் சனி பிடித்தது. மாடு செத்தது, படகு கவிழ்ந்தது, நிச்சயமான கல்யாணமும் நின்றது. இனி உயிர் ஒன்றுதான் பாக்கி என்று ஆள் அரண்டு போயிருந்தான். ஜோசியரோ, "சனி பார்வை படாத இடமாப் பார்த்து இருந்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கூட்டாளிகள் பொன்னுரங்கமும் அய்யாக்கண்ணுவும் ஊர் ஊராக இடம் தேடினார்கள். எங்கே போனாலும் தலைக்கு மேலே ஆகாயம். கடைசியில் மூன்று பேரும் அறிவியல் வாத்தியாரிடம் போனார்கள். சனிக்கு டைட்டன் என்று ஒரு பெரிய நிலா உண்டு, அது எப்போதும் ஒரே முகத்தைத்தான் சனிக்குக் காட்டும், அதன் முதுகுப் பக்கம் நின்றால் சனியே தெரியாது என்றார் அவர். பாவம், பாடம் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

அங்கேயே குடியேறுவதாக உடனே முடிவானது.

வாத்தியார் பதறிப்போய் மீதியையும் சொன்னார். ரத்தம் உறையும் குளிர். காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், சுவாசிக்க ஆக்சிஜன் கிடையாது. மழையாகப் பெய்வதும் ஏரியில் நிற்பதும் மீத்தேன், அதாவது எரிவாயு.

ஏரி நிறைய கேஸ் என்றதும் பொன்னுரங்கத்துக்குச் சமையல் கவலை விட்டது. ஆக்சிஜன் இல்லாமல் அடுப்பே எரியாது என்றார் வாத்தியார்.

அய்யாக்கண்ணு வெகுநேரம் யோசித்தான். "அதுவும் நல்லதுதான். தீப்பிடிக்கும்னு பயமில்லை."

"மூச்சுக்கு என்ன பண்றது?" என்று கேட்டான் விருத்தகிரி.

"போகப் போகப் பழகிடும்" என்றான் அய்யாக்கண்ணு.

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ இங்கேயே நல்லாப் பழகிட்டுப் போங்கடா."

வாத்தியார் சொல்லைத் தட்டலாமா? மூவரும் நேரே துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்குப் போய், குளிர் அறையில் மீன் பெட்டிகளுக்கு நடுவே வெற்றுடம்போடு உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டாளிகள் இருவரும் திருட்டுத்தனமாக மூச்சு விட்டார்கள். உயிர்மேல் ஆசை வைத்த விருத்தகிரி மட்டும் விடவே இல்லை. அவன் மீன்களோடு மீனாகச் சாய்ந்ததும் இருவரும் அலறினார்கள். ஐஸ் உடைக்கிறவர்கள் ஓடிவந்து அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவன் கண் விழித்தபோது நர்சம்மா ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைக்க வந்தாள். விருத்தகிரி அவள் கையைத் தள்ளிவிட்டுக் கும்பிட்டான்.

"வேண்டாம் சிஸ்டர். இப்பத்தான் கஷ்டப்பட்டு நிறுத்தியிருக்கேன். மறுபடியும் பழக்கிவிட்டுடாதீங்க."