கூழாங்கல் பதித்த மூடி

இரும்பு இன்னதென்று மாந்தர் அறியாத காலம் அது. கரும்பாறைக் குன்றின் அடிவாரத்தில் நாற்பது பேர் குடிசை கட்டி வாழ்ந்தனர். கல்லைத் தீட்டிக் கோடரி செய்தனர், மாடு வளர்த்தனர், கொள்ளு விதைத்தனர். இரண்டு மழைக்காலம் தொடர்ந்து பொய்த்தது. மாடுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன.

விதைத் தாழியைக் காத்தவர் கோடனார். அவரிடம் அப்பணியைக் கற்று வந்தவள் எயினி. ஒரு குழந்தைக்குத் தாய்.

தாழியின் மண்மூடி ஈரமாய் இருக்கும்போதே, ஆளுக்கொரு கூழாங்கல்லை அவரவர் கையால் அதில் பதிப்பது அக்குடியின் வழக்கம். விதைப்புக்கு முன் ஒரு பிடி எடுப்பவர் ஒரு கல்லைப் பெயர்த்தாக வேண்டும். அக்கல்லுக்கு உரியவருக்கு அடுத்த விளைச்சலில் பங்கு கிடையாது.

ஒரு காலைப்பொழுதில் எயினி வந்து நின்றாள்.

“ஆசானே, என் மகள் கண் திறக்கவில்லை. ஒரு பிடி கொள்ளு வேண்டும்.”

“எடு.”

மறுப்பார் என்றே எண்ணி வந்தவள் திகைத்தாள்.

“எடு என்றேன். யாருடைய கல்?”

“வங்கனுடையது. கோடரி தீட்டுவதாகச் சொல்லிக்கொண்டு நாளெல்லாம் உறங்குகிறான். கூழ் என்றால் மட்டும் முதல் ஆளாய் வந்து உட்காருகிறான்.”

“உண்மைதான். எனக்கும் அவனைக் கண்டால் ஆகாது. போய், ‘வரும் ஆண்டில் நீ பட்டினியால் சாவாய்’ என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வா.”

எயினி நகரவில்லை. 

“அப்படியானால் என் கல்.”

“நீ செத்தால் அவளுக்குக் கூழ் காய்ச்சுவது யார்? உன் கணவனா? அவனுக்கு அடுப்பு மூட்டவே தெரியாதே.”

அவளுக்குச் சினம் மூண்டது.

“பேச்சுக்கு மட்டும் உம்மிடம் பஞ்சமில்லை! உம்முடைய கல் எங்கே, காட்டும். பல் போன வாய்க்குப் பங்கு எதற்கு?”

கோடனார் மூடியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். விளிம்பில் ஓரிடத்தில் கல் இல்லை. அது இருந்த குழி மட்டும் இருந்தது.

எயினி அக்குழியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“எப்போது?”

“நேற்று. உன் கணவன் வந்து கேட்டான். பாறை இடுக்கில் பொறுக்கிய கொள்ளு என்று உன்னிடம் சொல்லியிருப்பான்.”

எயினி குழியிலிருந்து விரலை எடுத்தாள்.

“அது நேற்றைய பசிக்குப் போயிற்று, பெண்ணே. இன்று யாருடைய கல்?”