பெயர் போடாத விமர்சனம்

அந்த வாரப் பத்திரிகை ஆபீசில் குரு, சிஷ்யன் என்றெல்லாம் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் கேண்டீனில் வைத்து ஓட்டித் தள்ளிவிடுவார்கள். ஆனாலும் தணிகாசலம் பூரணிக்குச் சிஷ்யன்தான். இன்ஷூரன்ஸ் வேலையை உதறிவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் சினிமா விமர்சனம் எழுத வந்தவன். பூரணி அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவள். விமர்சனப் பக்கங்களுக்கு அவள்தான் பொறுப்பு. ஆபீசில் எல்லோருக்கும் அவள் அக்கா.

வந்த புதிதில் தணிகாசலம் கேட்டான்.

“விமர்சனம் எப்படிக்கா எழுதணும்?”

பூரணி ஒரு மதியக் காட்சிக்கு அவனைக் கூட்டிப்போனாள். திரைக்கு ஓரமாக, கூட்டத்தைப் பார்த்தபடி நிற்கவைத்தாள். படம் முடியும்வரை அவன் திரும்பவே கூடாது.

வெளியே வந்ததும் கேட்டாள். “என்ன பார்த்தே?”

“ஒருத்தர் அழுதாருக்கா. பக்கத்துல இருந்தவர் பார்த்ததும் தும்மற மாதிரி நடிச்சாரு.”

“அதை எழுது.”

அன்றிலிருந்து அவன் அவளுடைய ஆள்.

அந்தப் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. விமர்சனத்தின் கீழே பெயர் போட மாட்டார்கள். யார் எழுதினாலும் பத்திரிகை எழுதியது. எழுதியவரை இன்னொருவர் காட்டிக்கொடுக்கக் கூடாது, முதலாளி கேட்டாலும் சரி. நடிகர்களின் ரசிகர்கள் வீடு தேடிவந்து கதவைத் தட்டிய காலத்தில் பூரணி கொண்டுவந்த விதி அது. நல்ல எண்ணத்தில் கொண்டுவந்ததுதான்.

பெரிய நடிகர் ஒருவரின் சூப்பர் ஹீரோ படம் வந்தது. பத்திரிகைக்காரர்களுக்கான காட்சிக்கு ரெஜினாவின் பெயரில் பாஸ் வந்திருந்தது. ரெஜினா தணிகாசலத்துக்கு அடுத்த மேசை. பேட்டிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள், விமர்சனமும் எழுதுவாள். அவளுடைய அம்மாவுக்கு அன்றைக்குப் பார்த்து டயாலிசிஸ் முறை மாறிவிட்டது.

“தணிகை, எனக்குப் பதிலா நீங்க போறீங்களா?”

“இதுக்கு என்னங்க, குடுங்க” என்று வாங்கிக்கொண்டு போனான்.

படத்தின் ஹீரோ பறப்பான். இரும்பை வளைப்பான். ஊரே அவனைக் கும்பிடும். ஒருநாள் துறைமுகத்துக் கிடங்கில் தீப்பிடிக்கிறது. கீழே நெருப்பு, மேலே தொங்கியபடி ஹீரோ, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நண்பன். ஹீரோவுக்குச் சக்தி வடிந்துகொண்டே போகிறது. இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் நண்பனின் உயிர் போகாது, ஆனால் சக்தி மொத்தமும் போய்விடும். அப்புறம் அவன் சாதாரண ஆள். கையை விட்டுவிடுகிறான்.

பிற்பாதி முழுக்க அழுகிறான். படாத பாடுபட்டு, காலத்தில் பின்னால் போகும் வழியைக் கண்டுபிடிக்கிறான். அதே தீ, அதே கிடங்கு, அதே கை. இப்போது எல்லாம் தெரியும். மறுபடியும் விட்டுவிடுகிறான். ஒன்றும் தெரியாத ஜனங்கள் கீழே நின்று கைதட்ட, அவன் ஊருக்கு மேலே பறந்துபோவதோடு படம் முடிகிறது.

தணிகாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மூச்சில் எழுதினான். “காலத்தையே திருப்பிக் கொண்டுவந்தவன் அதே தப்பை மறுபடியும் செய்வானாம். மனித சுபாவம் தெரியாதவர்கள் எழுதிய கதை. முகமூடி மாட்டிய கோழைக்கு எதற்கு இத்தனை கோடியில் ஒரு படம்?”

பூரணி படித்தாள். ஓரிடத்தில் பேனா நின்றது.

“மனித சுபாவம் தெரியாதவங்கன்னு போட்டிருக்கியே, நிச்சயமாவா?”

“பின்னே? தெரிஞ்சுக்கிட்டே ரெண்டாவது தடவையும் யாருக்கா அப்படிச் செய்வாங்க?”

பூரணி ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சுக்கு அனுப்பினாள்.

இதழ் வெளிவந்ததும் ‘கோழை’ என்ற சொல் தீயாய்ப் பரவியது. கோழை என்றது கதாபாத்திரத்தைத்தான். அந்த நடிகர் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். முதலாளிக்குப் போன் வந்தது. எழுதிய ஆள் இருக்கும்வரை இனி விளம்பரமும் கிடையாது, பேட்டியும் கிடையாது.

திங்கட்கிழமை மதியம் முதலாளி பூரணி, ரெஜினா, தணிகாசலம் மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“யார் எழுதினது?”

“பார்த்து அனுப்பினது நான்” என்றாள் பூரணி. “வேலையை விட்டு அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க.”

“உங்களை அனுப்பிட்டு நான் தலையில துண்டு போட்டுக்கறதா? அவங்க கேக்கறது எழுதின ஆளை.” முதலாளி ரெஜினா பக்கம் திரும்பினார். “பாஸ் உங்க பேர்லதானே வந்துச்சு?”

“ஆமா சார்.”

“அப்ப நீங்கதானே எழுதினது?”

ரெஜினா தணிகாசலத்தின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அதுவே காட்டிக்கொடுத்தது ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

“யார் எழுதினதுன்னு சொல்ற வழக்கம் இங்க இல்லை சார்.”

“பாஸ் யார் பேர்லயோ, அவங்கதான் எழுதினது. எனக்கு அது போதும். கடைசித் தடவையா கேக்கறேன். வேற யாராவது எழுதினீங்களா?”

தணிகாசலம் மூலையில் ஏசி சொட்டுவதற்காக வைத்திருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாளி எங்கும் ஓடிப்போய்விடாது. ஆனாலும் அவன் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னியோட நின்னுக்குங்க ரெஜினா” என்றார் முதலாளி.

மூவரும் வெளியே வந்தார்கள். ரெஜினா கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். பூரணி தன் அறைக்குப் போனாள். தணிகாசலம் பின்னாலேயே போனான்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“அந்தப் படத்துல வர்ற மாதிரி நிஜமாவே பின்னாடி போக முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்? முதலாளி கடைசித் தடவையா கேட்டாரே, அந்த நிமிஷத்துக்குப் போனா போதும். நான் சொல்லிடுவேன்.”

“என்ன சொல்லுவே?”

“நான்தான் எழுதினேன்னு.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“நம்ம விதி ஒண்ணு இருக்கேக்கா.”

பூரணிக்குச் சுள்ளென்று வந்தது.

“அடுத்தவங்களைக் காட்டிக்கொடுக்காதேன்னு விதி போட்டேன். தான் எழுதினதைத் தான் ஒத்துக்கக் கூடாதுன்னு எவ போட்டா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“உங்களுக்கும்தானே தெரியும். நீங்களாவது சொல்லியிருக்கலாம்.”

“இருக்கலாம். உன் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துத்தான் உன்னை எழுதவெச்சேன். வாக்கைக் காப்பாத்தினேன், அவ வேலை போச்சு. நான் போட்ட விதி, அதை மதிச்சவளையே முழுங்கிடுச்சு. இதுக்கு எந்தச் செவுத்துல போய் முட்டிக்கறதுன்னு தெரியலை. அது என் பாடு. நீ உன் பாட்டைச் சொல்லு.”

“எல்லாம் முடிஞ்சுபோச்சேக்கா.”

“எது முடிஞ்சுபோச்சு? ரெஜினா கீழே மேசையைக் காலி பண்ணிக்கிட்டிருக்கா. முதலாளி அவர் ரூம்லயேதான் இருக்காரு. எந்தக் காலமும் உனக்காகப் பின்னாடி போக வேண்டாம்.”

பூரணி எழுந்துவந்து கதவைத் திறந்தாள். அவன் வெளியே போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

கீழே ரெஜினா ஒரு அட்டைப்பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் பாட்டில், சால்வை, மேசையில் வைத்திருந்த அந்தோணியார் படம். அவன் வந்து நின்றதும் நிமிர்ந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

“வருத்தமில்லைன்னு சொன்னா அது பொய், தணிகை” என்றாள். “அம்மாவை வெச்சுக்கிட்டு இனிமே என்ன பண்ணப்போறேன்னே தெரியலை. முதலாளி கடைசியா கேட்டப்ப, நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்.”

அந்த நேரத்தில் தணிகாசலத்தின் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

“இப்பப் போய்ச் சொல்றேன்.”

“நிஜமாவா?”

“நிஜமா. நீங்க கிளம்பாதீங்க.”

“நான் இங்கேயே இருக்கேன்” என்றாள் ரெஜினா. பெட்டிக்குள் வைத்த சால்வையை எடுத்து மறுபடியும் நாற்காலியில் போட்டாள்.

படி ஏறினான். கதவைத் தட்டினான். முதலாளி டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“வாங்க தணிகை. நானே கூப்பிடணும்னு இருந்தேன். உக்காருங்க.”

“சார், அந்த விமர்சனம்...”

“அதை விடுங்க, தலைவலி போச்சு. ரெஜினா பார்த்த பேட்டிப் பக்கம் இருக்குல்ல, இனிமே அதையும் நீங்களே பாத்துக்குங்க. அதுல பேர் போடலாம். பேர் என்ன, உங்க போட்டோவையே போட்டுடலாம். என்ன சொல்றீங்க?”

தணிகாசலம் வாயைத் திறந்தான்.

இன்ஷூரன்ஸ் வேலையை விட்டதிலிருந்து அவனுடைய மாமனார் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. என்ன எழுதுகிறாய், பேரைக் காணோமே என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கேட்பதையும் விட்டுவிட்டார். அந்த மனிதரின் முன்னால் பத்திரிகையைப் பிரித்துத் தன் போட்டோவைக் காட்டுவதாக ஒரு காட்சி அவனுக்குள் ஓடியது.

“சரி சார்” என்றான்.

அந்தச் சரி எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை என்று எழுதிவிடலாம். ஆனால் அது பொய். அவனுக்கு நன்றாகவே தெரியும்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார் முதலாளி. “இல்ல சார், இனிமேதான்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

கீழே ரெஜினா பெட்டியின் மேல் கைவைத்தபடி நின்றிருந்தாள். அவன் இறங்கிவரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னாரு?”

“சொன்னேன்” என்றான் தணிகாசலம். “நம்பலை. பாஸ் உங்க பேர்ல இருக்குன்னு அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. உங்களைக் காப்பாத்த நான் பொய் சொல்றேன்னு நினைக்கறாரு.”

ரெஜினா மெதுவாகத் தலையாட்டினாள். நாற்காலியிலிருந்து சால்வையை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

“பரவால்ல தணிகை. நீங்க போய்ச் சொன்னதே எனக்குப் பெருசு. வேற யாரா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க. அம்மாகிட்ட சொல்றேன், இப்படி ஒருத்தர் இருந்தாருன்னு.”

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். ஆட்டோ பிடித்து, பேரம் பேசி, பெட்டியைத் தானே உள்ளே வைத்தான். ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை ரெஜினா கையசைத்துக்கொண்டே போனாள். அவனும் அசைத்தான்.

மறுபடியும் மேலே வந்தபோது பூரணி ஜன்னலோரம் நின்றிருந்தாள். கீழே நடந்ததை அங்கிருந்து பார்த்திருக்க வேண்டும்.

“சொன்னியா?”

அவன் எதையும் மறைக்கவில்லை. பேட்டிப் பக்கத்தைச் சொன்னான். போட்டோவைச் சொன்னான். ரெஜினாவிடம் என்ன சொன்னான் என்பதையும், அவள் அதற்கு என்ன சொன்னாள் என்பதையும் சொன்னான்.

பூரணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த இதழுக்கான பக்கங்கள் மேசைமேல் கிடந்தன. அவற்றை எடுத்து ஒழுங்காக அடுக்கினாள்.

“அக்கா, ஏதாவது சொல்லுங்க.”

“என்ன சொல்லணும்?”

“திட்டவாவது செய்ங்க.”

அவள் முதல் பக்கத்தை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள்.

“முதலாளி ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி, கதவைத் தட்டறதுக்கு முன்னாடி, அந்த ஒரு நிமிஷத்துக்குப் போயிட்டா போதும்க்கா” என்றான் தணிகாசலம். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “சத்தியமா சொல்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் பின்னாடி போக முடிஞ்சா...”

பூரணி பக்கங்களிலிருந்து நிமிர்ந்தாள்.

“போனாலும், போறது நீதானே தணிகை.”