அட்டை சொன்ன பெயர்கள்

ஒரு தாலுகா ஆபீசில் சர்வரின் டேட்டாபேஸ் கெட்டுத் தொலைந்தது. ஏழாயிரம் பட்டா மனுக்களும் போச்சு என்று கைவிரித்தார் சென்னையிலிருந்து வந்த கணினி அதிகாரி சபேசன். பழியை ஸ்கேன் பண்ணும் பவுனம்மாள் தலையில் கட்டினார்.

"சாயங்காலத்துக்குள்ள மனுக்களைக் கொண்டு வா. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

"டேட்டாபேஸ்ல பட்டியல்தானே சார் இருந்துச்சு? ஸ்கேன் பண்ணின மனுவெல்லாம் சர்வர்லயே தனி ஃபோல்டர்ல இருக்கே."

சபேசன் சிரித்தார். "அங்கே ஃபைல் பேரா வெறும் நம்பர்தான் இருக்கும். எது யாரோடதுன்னு நம்பரா சொல்லும்?"

"அட்டை சொல்லும் சார்." கணினியில் ஒரு ஃபைலைத் திறந்தாள் பவுனம்மாள். முதல் பக்கத்திலேயே மனுக்கட்டின் மேலட்டை. அதில் பெயர், ஊர், சர்வே எண். அட்டையை விட்டுவிட்டு அவள் எந்தக் கட்டையும் ஸ்கேன் பண்ணியதில்லை.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாசில்தார், சபேசன் பக்கம் திரும்பினார். "நீங்க திறந்துகூடப் பார்க்கலையா? சரி, இந்தம்மா ஒவ்வொரு அட்டையா பெயரைப் படிப்பாங்க. நீங்க உட்கார்ந்து பட்டியலைத் திரும்ப டைப் அடிங்க."

சபேசன் அடித்தார். ஏழாயிரத்தையும்.