முப்பத்தைந்துக்கு மேல்

தென்காசியில் கல்யாணத் தகவல் மையம் நடத்திய ஆவுடையப்பனுக்குத் தான் சொன்னதுதான் சட்டம். மையத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்ட இசக்கியிடம் ஒருநாள் சொன்னார்: "பொண்ணு தேடுத பெட்டியில வயசை முப்பத்தஞ்சோட நிறுத்து. அதுக்கு மேல எவன் பாக்கப் போறான்? ஆனா யார் பேரையும் நீக்கிட்டோம்னு பேச்சு வரக்கூடாது."

"அதெப்படி அண்ணாச்சி முடியும்?"

"முடியலன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

இசக்கி முடித்துக் கொடுத்தாள். பெயர்களெல்லாம் உள்ளேயே இருந்தன; தேடுகிறவர் கண்ணில்தான் படவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை நாற்பது வயது வாத்தியார்; அம்மாவோடு மையத்துக்கே வந்திருந்தார். ஆவுடையப்பன் தன் தங்கை கோமதியை அருகில் உட்கார வைத்து, அவள் விவரத்தைத் திரையில் காட்டச் சொன்னார். பெட்டி விரிந்தது: 21-25, 26-30, 31-35. இசக்கி மூன்றையும் தட்டினாள். கோமதி வரவில்லை.

"எந்தங்கச்சி பேரை நீக்கிட்டியா?"

"நீக்கலை அண்ணாச்சி, உள்ளதான் இருக்காவ. அவுகளுக்கு முப்பத்தெட்டு. அதுக்கு மேல எவன் பாக்கப் போறான்னு நீங்கதான சொன்னிய."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "கூடப்பிறந்தவளையே மறைச்சு வச்ச இடத்துல நமக்கென்ன பேச்சு?"

ஆவுடையப்பன் தலை குனிந்தார். பெட்டியை மாற்றிய அன்றே மறைந்த பெயர்களில் கோமதியின் பெயரையும் பார்த்துவிட்ட இசக்கி, இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

கோமதி மெதுவாகக் கேட்டாள். "ஒரு போன்கூட வரலியே, நம்ம ராசி அப்படின்னு இருந்தேன். உனக்கு இது அப்பவே தெரியுமா இசக்கி?"

இசக்கி திரையைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பெட்டியில் 36-40 என்று ஒரு வரியைச் சேர்த்தாள்.