முறுக்கு அச்சும் புட்டுக் குழலும்: ராணுவத்துக்கு நான் ரைஃபிள் தேர்ந்தெடுத்த கதை

"கடுகு வெடிக்கிறதைத் தவிர வேற வெடிச் சத்தமே கேட்டிராத பொம்பளை, ரைஃபிள் விஷயத்துல தலையிட்டா இப்படித்தான் ஆகும்."

என் வீட்டுக்காரர் சுபேதார் தவசிமுத்து இன்று காலை சொன்ன வார்த்தை இது. ஓர் எழுத்து நான் கூட்டவில்லை. சொல்லிவிட்டு நான் சுட்ட தோசையையே மூன்று சாப்பிட்டுவிட்டுப் போனார். இதை மனதுக்குள் பூட்டி வைக்க எனக்கு என்ன தலையெழுத்து? ராணுவ கேன்டீன் வரிசையில் நின்றேன். கதவு திறக்க முக்கால் மணி நேரம் இருந்தது. எனக்கு முன்னால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சவர்ணம், பின்னால் ஆபீஸ் கிளார்க்கின் மனைவி செங்கமலம். ஆரம்பித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அவர் படைப்பிரிவின் துப்பாக்கி மெக்கானிக். இரண்டு புது மாதிரி ரைஃபிள் எங்கள் நீலகிரி மலைக்கு வந்திருந்தன. சுட்டுப் பார்த்து, எது தேறும் என்று எழுத வேண்டியது அவர் வேலை. நல்லபடியாக முடிந்தால் இன்னும் ஒரு வருடம் இதே குவார்ட்டர்ஸ். என் மகள் ஜெனிட்டா பிளஸ் டூவை இங்கேயே முடித்துவிடுவாள். சொதப்பினால் மாற்றல்.

"ரெண்டுக்கும் என்னக்கா வித்தியாசம்?" என்றாள் பஞ்சவர்ணம்.

"ஒண்ணு முறுக்கு அச்சு, இன்னொண்ணு புட்டுக் குழல். அவ்வளவுதான். குண்டு வெடிச்சா புகை வருதில்ல? முதல் ரைஃபிள்ல அந்தப் புகை ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உள்ள இருக்கிறதைத் தள்ளி அடுத்த குண்டை ஏத்தும். நாம முறுக்குக் கட்டையை அமுக்குறோமே, அது மாதிரி. உள்ள சுத்தமா இருக்கும், ஆனா கனம், உதைக்கும். ரெண்டாவதுல பிஸ்டனே கிடையாது. புட்டுக்கு ஆவி ஏறுற மாதிரி புகை நேரா உள்ள போய் வேலையை முடிச்சிரும். இலேசு, குறி தப்பாது. ஆனா கரியெல்லாம் உள்ளயே அப்பிக்கும். இதை எழுத அந்த மனுஷனுக்குப் பதினாறு பக்கம்."

"நீங்க சுட்டுப் பார்த்தீங்களாக்கும்," என்றாள் செங்கமலம்.

"பின்னே? இட்லி மாவு பொங்கி வர்றதுக்குள்ள பத்தாயிரம் ரவுண்டு. முதல்ல பிஸ்டன். ஒரே ஒரு தடவைதான் அமுக்கினேன். அது உதைச்ச உதையில நான் நின்ன வாக்கிலேயே பின்னால போறேன், பின்னால போறேன், கொண்டை ஊசி வளைவு பதினாலும் ஒழுங்கா வளைஞ்சு, மேட்டுப்பாளையம் மார்க்கெட்ல போய் நின்னேன். வந்தது வந்தாச்சு, சும்மா திரும்பக் கூடாதுன்னு ரெண்டு கட்டு கருவேப்பிலை வாங்கினேன்."

"ஏறி வர பஸ் கிடைச்சுதா?" என்றாள் செங்கமலம்.

"பஸ் எதுக்கு? துப்பாக்கியை அந்தப் பக்கமாத் திருப்பி இன்னொரு தடவை சுட்டேன்."

பஞ்சவர்ணம் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். குறுக்கே பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் படித்த கான்வென்ட்டில் குறுக்கே பேசினால் சிஸ்டர் பெர்னதெத் சாக்பீஸை எறிவார். என் கையில் சாக்பீஸ் இல்லை, அதனால் குரலைக் கூட்டினேன்.

"அடுத்து புட்டுக் குழல். கையில இருக்கிறதே தெரியலை, அகப்பை மாதிரி. தொட்டபெட்டா உச்சியில ஒரு எருமை மேயுது. அதோட இடது காதுல ஒரு உண்ணி. இங்கயிருந்து குறி வெச்சேன். உண்ணி மட்டும் காலி. எருமை தலையைத் தூக்கி எனக்கு ஒரு நன்றி சொல்லிட்டு மறுபடி மேய ஆரம்பிச்சுது."

"எருமை சொன்னது இங்க வரைக்கும் கேட்டுதா?" இதுவும் செங்கமலம்தான்.

"கேக்கலை. தலையாட்டினதை வெச்சு நானே புரிஞ்சுக்கிட்டேன். பத்தாயிரம் ரவுண்டு முடிச்சுத் திறந்து பார்த்தா உள்ள ரெண்டு படி கரி. அதுல விளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சேன். மூணு கம்பெனிப் பிள்ளைங்களுக்கும் கண் மை ஆச்சு. பஞ்சவர்ணம், உன் குட்டிப் பொண்ணு இன்னைக்கு வெச்சிருக்கிற மை எதுன்னு நினைச்சே?"

"அது ஊட்டியில வாங்கினதுக்கா."

"டப்பா ஊட்டி. மை என்னோடது. இன்னும் கேளு. குழாய் கொதிக்குது, அந்தச் சூட்டை வீணாக்குவானேன்? அரிசி மாவும் தேங்காய்த் துருவலும் மாத்தி மாத்தி அடைச்சேன். விசையை அமுக்க அமுக்கப் புட்டு வருது. நானூறு ஜவானுக்குக் கடலைக்கறியோட. பிரிகேடியர் மூணு தடவை வாங்கினார். கையைக் கழுவிட்டு என்கிட்ட வந்து, 'மேடம், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க'ன்னு கேட்டார். 'தினம் தேய்ச்சுக் கழுவுற கைக்குப் புட்டுக் குழலைக் கொடுங்க, கழுவ மடி புடிச்ச சோம்பேறிக்கு முறுக்கு அச்சைக் கொடுங்க'ன்னேன். அவருக்குக் கண்ணே கலங்கிருச்சு. பதினாறு பக்கத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு இந்த ஒரு வரியை டெல்லிக்கு அனுப்பினார்."

கதை கேட்க வரிசையே கொஞ்சம் நெருங்கி வந்திருந்தது. கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு செங்கமலம் நிதானமாகச் சொன்னாள்:

"அக்கா, அன்னைக்குக் காலைப் பனியில ரெண்டு ரைஃபிளுமே சுடலையாமே. துப்பாக்கி எண்ணெய் டப்பாவுல தேங்காய் எண்ணெய் இருந்துதாம். உள்ள போய் நெய் மாதிரி உறைஞ்சு நின்னுருச்சாம். மாற்றல் ஆர்டரை எங்க வீட்டுக்காரர்தான் டைப் அடிச்சார்."

நான் நாகர்கோவில்காரி. தலைக்கும், தாளிப்புக்கும், தையல் மிஷினுக்கும், கதவுக் கீலுக்கும் எங்களுக்கு ஒரே எண்ணெய்தான். டப்பா காலி என்று அந்த மனுஷன் முந்தின நாள் முழுக்கப் புலம்பினார். அதையே ஊற்றி வைத்தேன். புருஷனுக்கு உதவியது குற்றமா?

"அதேதான்," என்றேன். "டெல்லியில அதைப் பார்த்து அசந்துட்டாங்க. எதிரி கையில துப்பாக்கி சிக்கினாலும் சுட முடியாதபடி ஒரு எண்ணெய் கண்டுபிடிச்சிருக்காளேன்னு. அதனாலதான் எங்களை ராஜஸ்தானுக்கு அனுப்புறாங்க. அந்த வெயிலுக்கு என் எண்ணெய் எந்தக் காலத்துலயும் உறையாது. எண்ணெய்க்குன்னே பாலைவனத்துல பாதியை ஒதுக்கி வெச்சிருக்காங்க."

"நாங்க மூணு வருஷம் அங்க இருந்தோம்," என்றாள் பஞ்சவர்ணம். "டிசம்பர் ராத்திரியில இந்த மலையை விடக் குளிரும்."

கேன்டீன் கதவைத் திறந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கார்டைத் தேடினார்கள்.

"வெள்ளிக்கிழமை லாரி வருது," என்றேன். "நான் போயிருவேன், எனக்கொண்ணும் இல்லை. ஜெனிட்டா இங்கயே பரீட்சை எழுதட்டும்னு பார்க்கிறேன். உங்கள்ல யாராவது ஒருத்தர் அவளை வீட்டுல வெச்சுக்க முடியுமா?"

பஞ்சவர்ணம் உள்ளே போய்விட்டாள். செங்கமலம் குனிந்து பையை எடுத்தாள்.

"மார்ச் வரைக்கும்தான்," என்றேன் அவளிடம். "ஒரு பாய் போட இடம் இருந்தாப் போதும்."