அந்தரத்தில் நின்ற தேய்ப்புப் பலகை

ரொம்பக் காலத்துக்கு முன்னால, கொற்றங்குடி நாட்டை உக்கிரசேனன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தான். நல்லா ஆண்டானான்னு கேட்காதீங்க. துணியில சுருக்கம் இல்லாம ஆண்டான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அவன் அப்பா யானையிலிருந்து விழுந்து செத்த அன்னைக்கு, அவர் கட்டியிருந்த பட்டு கசங்கியிருந்துச்சாம். அதிலிருந்து இவனுக்குச் சுருக்கம்னாலே எமனைக் கண்ட மாதிரி. சபையில எவன் வேட்டியாவது கசங்கியிருந்தா சவுக்கடி. உட்கார்ந்தா கசங்கும் இல்லையா? அதனால ஒருத்தரும் உட்கார மாட்டாங்க. மந்திரி நிப்பார், தளபதி நிப்பார், புலவர் நின்னுக்கிட்டே தூங்குவார். ராஜாவும் நிப்பான். சிம்மாசனம் பாட்டுக்குத் தூசி படிஞ்சு கிடக்கும்.

அந்த அரண்மனையில துணி தேய்க்க வந்தவ அங்காயி. பாவாடைதான் அவளுக்குப் பெரிய தலைவலி. அகல மேஜையில போட்டுத் தேய்ச்சா மேல்பக்கம் பளபளன்னு வரும், அடிப்பக்கம் மடங்கிக் கசங்கிக் கிடக்கும். திருப்பிப் போட்டா மறுபடி அதே கதை. உயிர்ப் பயம் ஆளை யோசிக்க வைக்கும்ல? ஒடுக்கமான பலகை ஒண்ணை எடுத்தா, கம்பளியைச் சுத்தினா, ஒரு முனையை மட்டும் தூணில முடுக்கினா. மறுமுனை அந்தரத்துல நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த முனை வழியாப் பாவாடையை மாட்டினா, ஒரு பக்கம் பலகை மேல இருக்கும், மறுபக்கம் அடியில தொங்கும். சுத்திச் சுத்தித் தேய்க்கலாம், சுருக்கமே விழாது.

ராஜா பூரிச்சுப்போய்க் கழுத்து மாலையைக் கழட்டி அவளுக்குக் கொடுத்துட்டான். உடுப்பறை அதிகாரி கொண்டல்ராயருக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. "எங்க தாத்தா காலத்து மேஜை இருக்கையில இந்த நொண்டிப் பலகை எதுக்கு? என் அறைக்குள்ள அது வரவே கூடாது"ன்னு கத்தினார். அந்த அறைச் சாவி ராத்திரி பகல் அவர் இடுப்பை விட்டு இறங்காது. அங்காயி வெளித் தாழ்வாரத்துத் தூணிலயே பலகையை வச்சுத் தேய்ச்சுக்கிட்டா.

இளவரசிக்கு நிச்சயதார்த்தம் வந்துச்சு. பச்சைப் பட்டுப் பாவாடையை அங்காயி தேய்ச்சு ராயர் கையில கொடுத்துட்டுப் போனா. மறுநாள் காலையில சபையில அதை விரிச்சா, ஐயையோ! முன்பக்கம் இஸ்திரிப் பெட்டி தீய்ச்ச தடம், பின்பக்கமும் ஒரு தடம்.

அங்காயியை இழுத்துக்கிட்டு வந்தாங்க. "நான் கொடுக்கையில நல்லாத்தான் இருந்துச்சு மகாராசா"ன்னு அழுதா.

"அந்தரத்துல ஆடுற பலகை மகாராஜா, தீயாம என்ன செய்யும்?"னார் ராயர். "ரெண்டு தடம் இருக்கு. ரெண்டு கைக்கும் சரியாப் போச்சு."

ராஜா கண் சிவந்துச்சு. "இஸ்திரிப் பெட்டியில கரி போடுங்கடா. கனிஞ்சதும் இவ கையை அதுக்கடியில வைங்க."

"மகாராசா, பால்குடிப் பிள்ளை வீட்டுல கிடக்கு! கையில்லாம நான் அதை எப்படித் தூக்குவேன்?"

ராஜா திரும்பிக்கூடப் பார்க்கலை. சேவகன் விசிற விசிறக் கரி சிவந்துக்கிட்டே வந்துச்சு. சொல்லும்போதே எனக்குக் கை கூசுது.

மந்திரி திருமேனியாருக்கும் பயம்தான். ராஜா வாக்குக்குக் குறுக்கே பேசினவன் எவனும் வீடு திரும்பினதில்லை. அவர் குறுக்கே பேசலை, ஒத்துப் பேசினார். "தண்டனை சரிதான் மகாராஜா. ஆனா கையைச் சுட்டுட்டுப் பலகையை விட்டா, நாளைக்கு இன்னொருத்தி அதுலயே தேய்ப்பா. அது எவ்வளவு மோசம்னு ராயரே ஒரு பழைய பாவாடையில காட்டட்டுமே."

ராயருக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. பலகையைக் கொண்டாந்து சபைத் தூணில முடுக்கி, பாவாடையை மாட்டி, பெட்டியை அழுத்து அழுத்துன்னு அழுத்தினார். புகை கிளம்புச்சு. "பார்த்தீங்களா எப்படித் தீயுதுன்னு!"

"பார்த்தோம் ராயரே. பின்பக்கத்தையும் காட்டுங்க"ன்னார் மந்திரி.

பின்பக்கம் துளிகூடத் தீயலை.

"பின்பக்கம்தான் பலகைக்கு அடியில தொங்குதே, அது எப்படி ஐயா தீயும்?"னு ராயர் வேகமாச் சொல்லிட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டார். அப்புறம் சமாளிச்சார். "அவ திருப்பி மாட்டி இன்னொரு தடவை தீய்ச்சிருப்பா."

மந்திரி இளவரசி பாவாடையை விரிச்சுக் காட்டினார். ரெண்டு தடமும் ஒண்ணு மேல ஒண்ணா, இம்மி பிசகாமப் பொருந்துச்சு. மேல இருந்தது கறுப்பு, அடியில இருந்தது பழுப்பு. "ரெண்டு தடவை தீய்ச்சிருந்தா இப்படிப் பொருந்துமா ராயரே? இப்ப உங்க மேஜையில காட்டுங்க."

மேஜையை நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. ராயர் பின்வாங்கினதால மந்திரியே இன்னொரு பழைய பாவாடையை அதுல போட்டுப் பெட்டியை வச்சு அழுத்தினார். ஒரே அழுத்து. மேல கறுப்பு, அடியில பழுப்பு, அச்சு அசல் அதே மாதிரி ரெண்டு தடம்.

"மகாராஜா, அரண்மனையில துணி தேய்க்கிற மேஜை இந்த ஒண்ணுதான். அது இருக்கிற அறைச் சாவி யார் இடுப்புல தொங்குதுன்னு நான் சொல்லணுமா?"

ராயர் தடால்னு கால்ல விழுந்தார். ராஜா பல்லைக் கடிச்சான். "இவன் கையை வைங்கடா பெட்டிக்கடியில!"

"வேண்டாம் மகாராசா!"ன்னு அலறினது யார் தெரியுமா? அங்காயிதான். "கை வேகுறது எப்படி இருக்கும்னு இவ்வளவு நேரமும் நினைச்சுக்கிட்டே நின்னேன். அது யாருக்கும் வேண்டாம்."

ராஜா அவ கையைப் பார்த்தான். ஒரு பாவமும் அறியாத கையை இன்னும் கொஞ்ச நேரத்துல பொசுக்கியிருப்பான். அது அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது. பின்னாலேயே சரிஞ்சு, சிம்மாசனத்துல தொப்புன்னு உட்கார்ந்துட்டான். தூசி கிளம்புச்சு. பட்டு மடியில தாறுமாறாக் கசங்கிப்போச்சு.



ராஜா குனிஞ்சு அந்தச் சுருக்கத்தையே பார்த்துக்கிட்டிருந்தான். கூரை இடியலை, உயிரும் போகலை. நிமிர்ந்து சொன்னான். "உடுப்பறைச் சாவி இனி அங்காயிக்கு. ராயரே, அவளுக்குக் கரி விசிறுறது உம்ம வேலை. அந்த மேஜையை அறுத்து அவ சொல்ற மாதிரி பலகை பண்ணுங்க. மந்திரியாரே, இனிமே என் வாக்குக்குக் குறுக்கேயே பேசும்."

அப்புறம் சுத்தி ஒரு பார்வை பார்த்தான். "இன்னும் ஏன் நிக்கிறீங்க? எல்லாரும் உட்காருங்க."

ஒருத்தருக்கும் தைரியம் வரலை. முதல்ல உட்கார்ந்தவ அங்காயிதான். ராஜா சொன்னான்னு இல்லை, அதுக்கு மேல அவ கால் நிக்கமாட்டேன்னுடுச்சு.